ஒரே குவியல், ஒரே விலை: பருத்தி வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பருத்தி கொள்முதல் செய்வோருக்கும், பருத்தியிலிருந்து விதை நீக்கும் ஜின்னிங் ஆலை நடத்துவோருக்கும், நூற்பாலைகளுக்காகக் கொள்முதல் விதிகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

தரத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரே புகார்தான் வருகிறது. பருத்தியில் சருகு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சாக்கு நார் இருக்கிறது, விவசாயிகளுக்குப் பொறுப்பில்லை. சருகும் ஈரமும் சாக்கு நாரும் இருப்பது உண்மைதான். பருத்தி போடுகிறவன் என்ற முறையில் அவை எப்படி உள்ளே வருகின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பார்த்துப் பார்த்து எடுத்த பருத்திக்கும் அள்ளிப்போட்ட பருத்திக்கும் எடைமேடையில் ஒரே விலையை வைத்துவிட்டு, ஏன் பார்த்து எடுக்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? எடுக்கும் முறை மாறினால் பஞ்சு மாறும். பஞ்சு மாறியும் விலை மாறாது என்றால், எதில் செலவு குறைவோ அப்படித்தான் எவரும் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுப்பேன்.

காய் வெடித்து, சுளை விரிந்து, ஈரம் உலர்ந்து நிற்கிறதே, அப்போது பஞ்சு என்ன தரத்தில் இருக்கிறதோ அதுதான் அதன் உச்சம். இழை நீளம், வலிமை, முதிர்ச்சி எல்லாம் காய்க்குள்ளேயே முடிவாகிவிடும். பூத்த பிறகு ஏறக்குறைய முதல் மூன்று வாரம் இழை நீள்கிறது. அடுத்த சில வாரங்களில் அதன் உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. அப்புறம் வெயில், மழை, கை, இயந்திரம், ஆலை என்று யார் தொட்டாலும் அந்தத் தரத்திலிருந்து கொஞ்சம் போகும், கூடாது. இருப்பதில் எவ்வளவைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்பதுதான் எடுப்பு.

எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால் எப்போது எடுப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. வெடித்த பருத்தி செடியில் நிற்க நிற்கக் கெடும். மழை பட்டால் வெண்மை மங்கும், ஈரம் தங்கிப் பூஞ்சை ஏறினால் சாம்பல் பூக்கும். அசுவினியும் வெள்ளை ஈயும் இருக்கிற வயலில், அவை கழிக்கும் இனிப்புக் கசிவு மேல் இலையிலிருந்து சொட்டி விரிந்த சுளையில் படியும். அந்தப் பஞ்சு நூற்பாலை உருளைகளில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். சருகை எடுக்கிற இயந்திரங்களால் இதை எடுக்க முடியாது. ஆள் கிடைக்காமல் பத்து நாள் தள்ளிப்போன எடுப்பு, நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தாலும் பத்து நாளை இழந்த பருத்திதான்.

கையெடுப்பை எடுத்துக்கொள்வோம். பருத்திச் செடியில் கீழ்க்கிளைக் காய்கள் முதலில் வெடிக்கும், உச்சிக் காய்கள் பல வாரம் கழித்து. கை அந்த வரிசைப்படியே சுற்றுச் சுற்றாகப் போகிறது. வெடிக்காததை விட்டுவிட்டு வெடித்ததை மட்டும் தொடுகிறது. நல்ல கை எடுப்பதை அருகில் நின்று பாருங்கள். ஒரு கை காய்க்குக் கீழே கிளையை அசையாமல் பிடித்திருக்கும். மற்றக் கையின் விரல்நுனிகள் எல்லாச் சுளைகளையும் அடியில் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிடும். காயைச் சுற்றியிருக்கும் காய்ந்த இலைச்செதில் காயோடேயே நின்றுவிடும். அவசரக் கை மேலிருந்து கவ்வி இழுக்கும். செதில் நொறுங்கிச் சுளையோடு வந்துவிடும். அந்த நொறுங்கல் பஞ்சுக்குள் போய் மிளகுத்தூள்போல ஒட்டிக்கொண்டால் பிறகு அதை எடுக்க இழையை அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

நேரமும் இடுக்கானது. விடிகாலைப் பனியோடு எடுத்தால் பருத்தி ஈரம். உச்சி வெயிலில் எடுத்தால் செதிலும் சருகும் மொறுமொறுவென்று காய்ந்து, கை பட்டதும் தூளாகும். பனி உலர்ந்து செதில் இன்னும் துவண்டிருக்கிற சில மணி நேரம்தான் நல்ல எடுப்புக்கு உகந்தது. அந்த நேரத்துக்குள் ஓர் ஆள் எடுக்கும் எடை குறைவு. கூலியோ கிலோவுக்கு. எடைக்குக் கூலி வாங்குகிறவருக்குப் பனியும் எடைதான், செதிலும் எடைதான், அரைகுறையாக வெடித்த காயும் எடைதான். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் நானும் உங்களிடம் எடைக்குத்தான் காசு வாங்குகிறேன். நீங்கள் என்னிடம் எதற்குப் பணம் தருகிறீர்களோ அதற்குத்தான் நான் அவருக்குப் பணம் தருகிறேன்.

கையெடுப்பின் இன்னொரு பக்கத்தை எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். கையால் எடுத்த பருத்தியில் செடியின் குப்பை குறைவு, மனிதன் சேர்க்கும் குப்பை அதிகம். தலைமுடி, சேலை நூல், சணல், கயிற்றுத் துணுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக உரச்சாக்கிலிருந்து பிரியும் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் நார். இது ஒரு விசித்திரமான வில்லன். வெள்ளைப் பஞ்சில் வெள்ளை நாராகக் கலந்து, நூற்பின்போது இழை இழையாகப் பிரிந்து, நெசவும் முடிந்து போய்விடும். சாயத் தொட்டியில்தான் மாட்டும். சாயம் ஏறாத பொருள் என்பதால் கருநீலத் துணியில் வெள்ளைக் கோடாக நிற்கும். அந்தத் துணியைத் திருப்பி அனுப்புகிறவர் நூற்பாலையைக் கேட்பார், நூற்பாலை உங்களைக் கேட்கும், நீங்கள் எங்களைத் திட்டுவீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் நம்பியிருக்கும் எச்.வி.ஐ. என்ற கருவிச் சோதனை இழை நீளம், சீர்மை, வலிமை, மைக்ரோனேர் (இழையின் தடிப்பையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் எண்), நிறம், செடிக்குப்பை எல்லாவற்றையும் சொல்லும். பாலிப்ரொப்பிலீன் நார் எவ்வளவு என்று சொல்லாது. ஆக, கையெடுப்புப் பருத்தியின் பெரிய பலவீனம் உங்கள் சான்றிதழில் ஏறுவதே இல்லை. அது ஏறாததால் அதைத் தவிர்ப்பவருக்கு லாபமும் இல்லை. உரச்சாக்கு சும்மா கிடைக்கிறது. பருத்தித்துணிப் பைக்குக் காசு. எடுக்கிறவர்கள் தலையில் துணி கட்டுவதும், களத்தில் பருத்தித்துணி விரிப்பதும், சாக்குத் தைக்கப் பருத்தி நூல் வாங்குவதும் சின்னச் செலவுகள்தான். துணிப்பையில் கொண்டுவந்தவருக்கு என்று கூடுதலாக ஏதாவது கொடுத்த ஆலை உங்களில் எத்தனை?

சரி, இயந்திரத்துக்கு வருவோம். பருத்தி எடுக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1850-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். வயலில் உருப்படியாக வேலை செய்ய இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. நெல்லையும் கோதுமையையும்போல அடியோடு அறுத்துக்கொண்டு போக முடியாத பயிர் இது. ஜான் ரஸ்ட் என்பவர் இயந்திரத்தில் சுழலும் மெல்லிய கதிரை (ஸ்பிண்டிலை) நீரில் நனைத்தால் பஞ்சு அதில் பற்றிக்கொள்ளும் என்ற யோசனையில் 1920-களின் கடைசியில் வேலையைத் தொடங்கினார். 1944-இல் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் இயந்திரங்கள் வரிசையாக இறங்கி எடுத்ததை ஊரே வந்து பார்த்தது. நல்ல ஆள் ஒருவர் மணிக்கு 20 பவுண்டு எடுப்பார் என்றால், ஓர் இயந்திரம் மணிக்கு 1000 பவுண்டு வரை எடுத்தது. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியான ஒரு பேலுக்குக் கையால் 39.41 டாலர், இயந்திரத்தால் 5.26 டாலர் என்று பண்ணைக்காரர் கணக்குப் போட்டார். அந்த இரண்டு எண்களுக்குப் பிறகு அங்கே கையெடுப்பு தாக்குப்பிடிக்கவில்லை. இன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளின் பருத்தி இயந்திரத்தால் எடுக்கப்படுகிறது. இந்தியா, பாகிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகளின் பருத்தி பெரும்பாலும் கையால்.

இயந்திரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஸ்பிண்டில் பிக்கர் என்பது ஒன்று. முள் வைத்த மெல்லிய கதிர்கள் வேகமாகச் சுழன்று, வெடித்த காயிலிருந்து சுளையைச் சுற்றி இழுத்துக்கொள்ளும். பின்னாலிருக்கும் ரப்பர் தட்டுகள் அதைக் கதிரிலிருந்து உருவிவிடும். செடியும் வெடிக்காத காயும் நின்ற இடத்தில் நிற்கும். ஸ்ட்ரிப்பர் என்பது வேறு ஜாதி. அது செடியை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே போய், வெடித்தது, வெடிக்காதது, காய் ஓடு, குச்சி எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். டெக்சாஸ் மேட்டுச் சமவெளியில் காற்றுக்கு உதிராத, குட்டையான ரகங்களுக்கு அது பொருந்தியது. ஸ்ட்ரிப்பரின் விலை குறைவு, ஓடும் பாகங்கள் குறைவு, எரிபொருளும் பராமரிப்பும் குறைவு, வயலில் விட்டுவருவதும் குறைவு. ஆனால் வயலிலேயே காய் ஓடுகளைப் பிரிக்கும் அமைப்பு இல்லாவிட்டால் அது கொண்டுவரும் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ குப்பையாக இருக்கும்.

ஸ்ட்ரிப்பர் பஞ்சின் மைக்ரோனேர் இறங்குவதற்கும் காரணம் எல்லாவற்றையும் வாருவதுதான். உச்சியில் முதிராமல் நிற்கும் காய்களையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. மைக்ரோனேர் 3.5-க்குக் கீழே போனால் இழை பெரும்பாலும் முதிராதது என்று பொருள். முதிராத இழை எளிதில் சுருண்டு நெப் என்கிற சிறு முடிச்சாகும், சாயத்தைச் சரியாக வாங்காது. 4.9-க்கு மேல் போனால் இழை தடிப்பு, மெல்லிய நூலுக்கு ஆகாது. சந்தையில் இரண்டு பக்கமும் விலைக் குறைப்பு உண்டு. கடைசிச் சுற்றுக் கையெடுப்பையும் முதல் சுற்றையும் கலந்து போட்டாலும் இதே கதைதான்.

ஸ்பிண்டில் பிக்கரிலும் ஓட்டுகிறவரின் பக்குவம் பஞ்சில் தெரியும். செடியைக் கதிர்களை நோக்கி அழுத்திப் பிடிக்கும் தகடு ஒன்று இருக்கிறது. அதைத் தளர்வாக வைத்தால் சுளை செடியிலேயே நிற்கும். இறுக்கினால் பச்சைக்காயும் பட்டையும் சேர்ந்து வரும். பட்டை நார் பஞ்சில் கலந்தால் தரம் பிரிப்பவர்கள் அதைத் தனியாகக் குறித்து விலையைக் குறைப்பார்கள். கதிரை நனைக்கும் நீர் குறைந்தால் இலைச்சாறு அதில் பிசினாக ஒட்டி, பஞ்சு உருவ வராமல் கதிரிலேயே சுற்றி முறுக்கேறும். நீர் அதிகமானால் பருத்தியே ஈரமாகும். நன்றாகச் சரிசெய்த இயந்திரம் 95 சதவீதத்துக்கு மேல் எடுக்கும். தேய்ந்த கதிரும் அவசர ஓட்டுநரும் சேர்ந்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வயலில் கிடக்கும். வாடகை இயந்திரத்தை எதிர்பார்க்கிறவருக்கு இதில் கையிருப்பது கொஞ்சம்தான். இயந்திரம் வரும் நாளும் அதன் நிலையும் அவர் கையில் இல்லை.

இலையுதிர் மருந்தும் எடுப்பின் ஒரு பகுதியே. இலையோடு நிற்கும் வயலில் இயந்திரத்தை விட்டால் பச்சை இலை நசுங்கிப் பஞ்சில் கறை ஏறும். காய்ந்த இலை செடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதைவிட மோசம், எல்லாம் தூளாகிக் கலக்கும். காய்களில் ஏறக்குறைய 60 சதவீதம் வெடித்த பிறகு தைடயசுரான், எத்திஃபான் போன்றவற்றை அடிப்பது பொதுவான வழக்கம். மருந்து வேலை செய்து இலை விழ இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் மழை பெய்து புதுத் துளிர் விட்டால் மறுபடி தலைவலி. முன்னதாக அடித்துவிட்டால் உச்சிக் காய்கள் முதிராமல் நின்று, விளைச்சலும் போகும், மைக்ரோனேரும் போகும். எடுக்கும் நாளைக் குறிப்பதற்கு முன் உச்சிக் காய் ஒன்றைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதைத்தோல் பழுப்பேறி, உள்ளே பருப்பு மடிந்து நிரம்பியிருந்தால் முதிர்ந்துவிட்டது. விதை கூழாக இருந்தால் பொறுக்க வேண்டும். சோதனைச்சாலை வேண்டாம், ஒரு பேனாக்கத்தி போதும். இத்தனை கணக்கையும் சரியாகப் போட்டவருக்கும் போடாதவருக்கும் உங்கள் பட்டியலில் என்ன வித்தியாசம்?

ஈரத்தைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. விதைப்பருத்தியில், அதாவது இன்னும் விதை நீக்காத பருத்தியில், 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அடுக்கிவைத்த இடத்தில் சூடேறும், பஞ்சு மஞ்சளாகும், விதையின் முளைப்பும் எண்ணெய்த் தரமும் கெடும். எங்களில் சிலர் எடைக்காகத் தண்ணீர் தெளிப்பதும் நடக்கிறது. அது திருட்டு, அவ்வளவுதான். ஆனால் ஈரமானியை உங்கள் ஆள் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படிக்கிற வரை, அந்த எண்ணை நாங்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி உங்கள் ஆலைக்குள் வருகிறேன். பருத்தியைக் குப்பையோடு கொண்டுவந்தால் நீங்கள் அதை உலர்த்தி, உருளைகளில் அடித்து, குச்சி பிரித்து, விதை நீக்கி, பிறகு பஞ்சையே லின்ட் கிளீனரில் விடுகிறீர்கள். ரம்பப் பற்களால் பஞ்சைச் சீவும் அந்த லின்ட் கிளீனர் சருகை எடுக்கும். கூடவே நல்ல இழையையும் கொஞ்சம் எடுத்துக் கழிவில் போடும், இழையை உடைக்கும், நெப்பைக் கூட்டும். ஒரு தடவை விட்டால் போதும் என்ற பருத்தியை இரண்டு தடவை விட்டால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், நூற்பாலையில் குட்டை இழையாக உதிரும். அதிகமாக உலர்த்தினால் இன்னும் மோசம். விதை நீக்கும்போது பஞ்சில் 6 முதல் 7 சதவீத ஈரம் இருந்தால் இழை தாங்கும். 5-க்குக் கீழே போனால் முறிய ஆரம்பிக்கும். சுத்தமாக எடுத்த பருத்தியின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது: அதை நீங்கள் குறைவாக அடித்தால் போதும்.

ஆனால் குறைவாக அடிக்கிறீர்களா? ஓர் ஆலை முற்றத்தில் நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். முதல் சுற்றில் எடுத்து, சரியாக விரியாத கொட்டுப் பருத்தியையும் கறைபட்டதையும் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டு, நல்லதை மட்டும் துணி விரித்து ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மேற்பார்வையாளர் கையில் ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், அன்றைய விலையைச் சொன்னார். வண்டி குவியலில் கொட்டியது. அடுத்த வண்டியில் வேறு யாருடையதோ கடைசிச் சுற்று. மஞ்சளும் பாதி வெடித்த காயுமாக இருந்தது. அவருக்கும் பிடி, தலையாட்டல், ஏறக்குறைய அதே விலை. அதுவும் அதே குவியலின் மேல் இறங்கியது. உறிஞ்சு குழாய் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே எண்ணிக்கையில் அடி. என்னுடைய பருத்திக்குத் தேவையே இல்லாத அடி, பக்கத்து வண்டிக்காக அதற்கும் விழுந்தது. வெளியே வந்த பேலுக்கு எச்.வி.ஐ. எடுத்திருப்பார்கள், அந்த எண்கள் எங்கள் இருவரில் யாருடையவை?

அடுத்து, கணக்கு. விதைப்பருத்தி சுத்தமாக இருந்தால் 100 கிலோவில் 36 கிலோ பஞ்சு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ரகத்தில் 10 சதவீதம் குப்பையும் மிகை ஈரமும் இருந்தால் உண்மையான பருத்தி 90 கிலோதான், பஞ்சு 32.4 கிலோ. கால் பங்கு குப்பையென்றால் 27 கிலோ. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் 100 கிலோவுக்கு 9 கிலோ பஞ்சு வித்தியாசம். இது நீங்கள் அறியாததல்ல. அதனால்தான் சராசரியாக எவ்வளவு தேறும் என்று முன்கூட்டியே அடக்கி விலை வைக்கிறீர்கள். அந்தச் சராசரியில் சுத்தமாகக் கொண்டுவருகிறவரின் காசு அசுத்தமாகக் கொண்டுவருகிறவரின் பைக்குப் போகிறது. உங்களுக்கு நட்டமில்லை. இரண்டு வருடம் இதைப் பார்க்கிற விவசாயி மூன்றாவது வருடம் என்ன செய்வார்? நல்லதையும் கொட்டுப் பருத்தியையும் ஒரே சாக்கில் கட்டுவார்.

எடுப்புமுறையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் இதனால் கோணலாகிறது. விளைச்சல் அதிகமான பாசன வயலில், ஏக்கருக்கு நிறையப் பஞ்சு வரும்போது, ஸ்பிண்டில் பிக்கரின் கூடுதல் செலவைத் தரம் ஈடுகட்டும். மானாவாரியில் குறைந்த விளைச்சலுக்கு ஸ்ட்ரிப்பரே கட்டுபடியாகும். சின்ன வயலில், நீள இழை ரகத்துக்கு, ஆள் கிடைக்கும் இடத்தில் கையெடுப்பு. இது தரத்துக்கு ஏற்ற விலை கிடைக்கிற இடத்தில் வேலை செய்யும் கணக்கு. எடைக்கு மட்டும் காசு கிடைக்கிற இடத்தில் எல்லாருக்கும் விடை ஒன்றுதான்: வயலில் இருப்பதை எல்லாம் சீக்கிரமாக, மலிவாக, மொத்தமாக வாரு.

கையெடுப்பே உயர்ந்தது, அதையே காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்களும் உங்களிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. குனிந்து நிமிர்ந்து, காயின் முனை குத்திய விரலோடு எடுக்கிற வேலை அது. உஸ்பெகிஸ்தானில் பல ஆண்டுகள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கட்டாயப்படுத்திப் பருத்தி எடுக்க வைத்தார்கள். உலக நிறுவனங்கள் பல அந்தப் பருத்தியைப் புறக்கணித்தன. 2022-இல்தான் அந்தப் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. கையெடுப்பு என்ற பெயருக்காக நூலுக்கு உயர்ந்த விலை கேட்கிறீர்கள் என்றால், அந்த விலையில் ஒரு பங்கு எடுத்த கைக்கும் போயாக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்பதோடு சுத்தமான எடுப்புக்கு இவ்வளவு என்று நான் அவர்களுக்குத் தனியாகக் கொடுக்கத் தயார். அது எனக்கு வந்தால்தானே நான் கொடுக்க?

வேறு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜின்னிங் ஆலை பெரும்பாலும் பருத்தியை விலைக்கு வாங்குவதே இல்லை. விதை நீக்கித் தரும் வேலைக்குக் கூலி வாங்குகிறது, பல சமயம் அந்தக் கூலிக்கு விதையையே எடுத்துக்கொள்கிறது. பஞ்சு விவசாயியுடையதாகவே இருக்கிறது. ஒவ்வொரு பேலிலிருந்தும் மாதிரி எடுத்து அரசின் வேளாண்துறை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். 1991 முதல் எச்.வி.ஐ. முறையில். அந்த எண்களுக்கு ஏற்பக் கூடுதலும் குறைப்பும் ஒரே அட்டவணையில் இருக்கும். இலையுதிர் மருந்தைத் தவறான நாளில் அடித்தவருக்கு அது தன் பேலின் எண்ணில் தெரியும். சரியான நாளில் அடித்தவருக்கும் தெரியும். அங்கேயும் புலம்பல் உண்டு; வயலிலேயே இயந்திரம் சுருட்டிக் கட்டும் வட்டப் பொதிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் உறை கிழிந்து பஞ்சில் கலப்பது இப்போது அவர்களுடைய பெரிய தலைவலி. ஆனால் யார் செய்ததன் பலன் யாருக்கு என்ற குழப்பம் அங்கே குறைவு. விதைப்பருத்தியாக விற்கிற நாங்களோ எங்கள் பஞ்சைப் பார்ப்பதே இல்லை.

அந்த அமைப்பை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. சின்னச் சின்ன வண்டிகளாக வரும் பருத்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆலையில் ஓட்ட முடியாது என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான பதில். தனித்தனியாக வேண்டாம். முற்றத்தில் மூன்று குவியல் போடுங்கள். முதல் சுற்றுகளின் சுத்தமான எடுப்பு ஒன்று, கடைசிச் சுற்றும் கறைபட்டதும் ஒன்று, இயந்திர எடுப்பு இருந்தால் அது ஒன்று. ஒவ்வொன்றையும் சேர்த்து வைத்து, சுத்தமானதை முதலில் ஓட்டுங்கள். அதற்கு லின்ட் கிளீனர் ஒரு தடவை போதுமென்றால் ஒரு தடவையோடு நிறுத்துங்கள். நூறு கிலோவுக்கு எவ்வளவு பஞ்சு தேறியது, மைக்ரோனேர் என்ன, நிறம் என்ன என்று அந்தக் குவியலுக்குக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். எங்கள் ஊர்க்காரர்கள் பேலின் எண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், யார் யார் எப்படி எடுத்தார்கள் என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் மேற்பார்வையாளர் தலையாட்ட வேண்டியதில்லை.

விலைக் குறைப்புக்கு உங்களிடம் அட்டவணை இருக்கிறது, கூடுதலுக்கு இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். துணிப்பையில் வந்தால் இவ்வளவு கூட, உரச்சாக்கில் வந்தால் இவ்வளவு குறைவு. துணிப்பைகளை நீங்களே வாங்கி முன்பணத்துக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. நூற்பாலையில் பாலிப்ரொப்பிலீன் பொறுக்க வைத்திருக்கும் ஆட்களுக்கும் கண்காணிக்கும் கருவிகளுக்கும் ஆகிற செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. ஈரமானியை இருவரும் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

இதையெல்லாம் செய்வதென்றால் ஒரு வேண்டுகோள்: விலைத்தாளை முதல் எடுப்புக்கு முன்பே ஒட்டிவிடுங்கள், குறைந்தது ஒரு மாதம் முன்பு. எடுப்பு தொடங்கிய பிறகு வரும் தாள் எங்களுக்கு உதவாது. எத்தனை சுற்று எடுப்பது, ஆளுக்கு என்ன கூலி பேசுவது, துணிப்பை வாங்குவதா, இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பதா, இலையுதிர் மருந்தை எந்த வாரம் அடிப்பது என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். எந்த விலையை நம்பி முடிவெடுத்தோமோ அந்தப் பருத்திதான் உங்கள் முற்றத்தில் வந்து இறங்கும்.

இப்படிக்கு,
உங்கள் எடைமேடைக்குப் பருத்தி கொண்டுவருபவர்களில் ஒருவன்